வக்கீலுக்குத் தூக்கம் வரவில்லை

மரவாடியில் அவரை எல்லோரும் ரம்பம் என்றுதான் சொல்வார்கள். பட்டை ரம்பங்களுக்குச் சாணை பிடிக்கிற வேலை, அதனால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாலு நாள் கூட இருந்து வேலை பார்த்தால் தெரிந்துவிடும், பெயருக்குக் காரணம் அவர் கையில் இருக்கிற தொழில் இல்லை, வாயில் இருக்கிற நாக்கு. மரம் இறக்க வருகிற லாரிக்காரனில் தொடங்கி முதலாளியின் தம்பி வரைக்கும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. ஒருவரோடு மனக்கசப்பு வந்தால் வந்ததுதான். அந்த ஆள் செத்தால் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருவாரே தவிர, உயிரோடு இருக்கும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

வெளியில் இத்தனை பகை இருந்தாலும் முதல் இடம் என்னவோ வீட்டுக்குள்தான் இருந்தது. அவருடைய மருமகன்.

மருமகன் டவுன் பஸ் டிரைவர். நெட்டையான ஆள், அதிகம் பேச மாட்டார், ஆனால் பேசினால் சுருக்கென்று தைக்கும். ரம்பத்துக்கு ஒரே மகள் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை இந்த வீட்டுக்கே வந்துவிட்டார். ஆரம்பத்திலேயே மாமனாருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சாப்பிடும்போது சத்தம் வருகிறது, செருப்பை வாசலுக்குக் குறுக்கே கழற்றிவிடுகிறான், குளியலறை விளக்கை அணைப்பதில்லை, இந்த மாதிரி. எல்லா வீட்டிலும் நடக்கிற முணுமுணுப்புதான்.

பெரிய காரணம் பிறகு வந்தது. ஒரு குளிர்காலத்தில் ரம்பத்தின் மனைவிக்கு மூச்சுத் திணறல் முற்றிவிட்டது. "என்னை எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க, நான் இங்கயே கெடக்கிறேன்" என்று அந்த அம்மா கணவரிடம் சொல்லியிருந்தார். அவரும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மரவாடியில் இருந்த ஒரு பகல் நேரத்தில் மாமியாருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அன்றைக்கு வார விடுமுறை என்று வீட்டில் இருந்த டிரைவர், யாரையும் கேட்காமல் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த ரம்பம் காலியாகக் கிடந்த கட்டிலைத்தான் பார்த்தார். அந்தக் கோபத்தில், "நான் அந்தப் படியில கால் வைக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மகள் அழுது பார்த்தாள். மனிதர் அசையவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் ரம்பம் கத்தினார்: "என் பொண்டாட்டிய வீட்டுலேருந்து திருடிட்டுப் போய்க் கொன்னுட்டான்!"

டிரைவரும் விடவில்லை. "மூணு நாள் எட்டிப் பாக்காத ஆளுக்குப் பொண்டாட்டி ஒரு கேடா?"

அன்றைக்கு நின்றது பேச்சு. அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழே, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் மகள் நின்று இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனாள். "அப்பா, அவர் மோட்டார் போடப்போறாராம், தண்ணி பிடிச்சுக்கோங்க." "ஏங்க, அப்பா சாவியக் கேக்கறார்." அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் ரத்தமும் சிறுநீருமாகப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுக்கு வந்தால் இந்தத் தபால்காரி வேலை.

வீட்டில் இன்னொரு ஜீவனும் இருந்தது. கறுப்பு நாய், நெஞ்சில் மட்டும் பட்டையாக வெள்ளை. கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டியும் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று, அது குட்டியாக வந்த அன்றே வீட்டம்மா அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டார். அவர் போன பிறகு அது மகளோடு ஒட்டிக்கொண்டது. இரவில் அவள் காலடியில் படுக்கும். விடியும்வரை அதன் சத்தமே கேட்காது.

ஒரு நாள் மகளுடைய வேலையிடத்தில் அவளை வேறொரு ஊருக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது இருவரையும் கூடத்தில் நிற்க வைத்துச் சொன்னாள்: "ஒருத்தரை ஒருத்தர் கொன்னு போட்டுறாதீங்க. அப்படியே கொல்றதா இருந்தாலும், மிச்சம் இருக்கற ஆள் வக்கீலுக்குச் சோறு வெச்சுருங்க."

அவள் போனதும் தபால்காரி இல்லாமல் போயிற்று. இரண்டு பேரும் நாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வக்கீல், கேஸ் தீந்து போச்சுன்னு அந்த ஆள்கிட்ட சொல்லு" என்பார் ரம்பம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வக்கீல், நான் நேத்தே சிலிண்டர் பதிஞ்சாச்சு. கண்ணு தெரிஞ்சா ரசீது மேஜை மேலயே இருக்குன்னு சொல்லு" என்பார் டிரைவர், செருப்பு மாட்டிக்கொண்டே.

வக்கீல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. இரவு வந்தால்தான் வம்பு.

வீட்டின் அமைப்பு அப்படி. தெருவைப் பார்த்த அறை டிரைவருடையது. ரம்பத்தின் அறை சமையலறையையும் தாண்டிப் பின்பக்கம். நடுவில் கூடம். விளக்கை அணைத்து இருவரும் கதவைத் தாழ்போட்டதும் வக்கீல் எழுந்து நடக்க ஆரம்பிக்கும். முன்னறைக் கதவை மோந்து பார்த்து ஒரு முனகல், பிறகு கூடத்தைக் கடந்து பின்னறைக் கதவுக்குப் போய் ஒரு பிறாண்டல், திரும்பவும் முன்னறை. சிமென்ட் தரையில் அதன் நகம் டக்டக்கென்று போவதும் வருவதுமாக இருக்கும். நடு நடுவே ஊளை.

"வக்கீல், அந்தாளு உன்னைப் பட்டினி போட்டுட்டாரா?" என்று முன்னறையிலிருந்து குரல் வரும்.

"வக்கீல், பஸ்ஸை ஓட்டற மாதிரி உன்னையும் யாரோ வெரட்டி வெரட்டி மெரள வெச்சிருக்காங்க" என்று பின்னறையிலிருந்து பதில் போகும்.

இரண்டு கதவும் திறக்காது. நாய் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

கீழ்வீட்டில் ஒரு டைலரம்மா குடியிருந்தார். தனியாள். வாய்க்கு அவரும் ரம்பத்துக்குக் குறைந்தவர் இல்லை. முதலில் கழியால் கூரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி பூரா என் தலைக்கு மேல பட்டாணியக் கொட்டற மாதிரி இருக்கு. நாயை வளக்கறீங்களா, இல்ல குதிரை வண்டி விடறீங்களா?"

"உங்க தையல் மிஷின் பகல் பூரா கடகடன்னு ஓடுதே, நாங்க வந்து கேட்டோமா?" என்றார் ரம்பம்.

"நான் உழைச்சுச் சாப்பிடறேன். உங்க நாய் என்ன உழைக்குது? ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நாய் பிடிக்கிற வண்டிக்கு நானே போன் போடுவேன்."

மகளிடம் போனில் சொன்னால் அவள் பாதிப் பயிற்சியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இருவருக்கும் அது தெரியும். அதனால் அவளிடம் மட்டும், வக்கீல் நன்றாகத் தூங்குகிறது என்று ஆளுக்கொரு பொய்யைச் சொல்லி வைத்தார்கள். அவளிடம் பேசும்போதுதான் இருவரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

தூக்கம் இல்லாத உடம்பு வேலையில் காட்டிக் கொடுத்துவிட்டது. ரம்பத்தின் வேலை கண் இமைக்காமல் பார்க்க வேண்டிய வேலை. ஆள் உயரத்தைவிட நீளமான பட்டை ரம்பத்தை வளையமாக மாட்டி, ஒவ்வொரு பல்லாகச் சுழலும் சாணைக்கல்லில் காட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் பல் நீலமாகக் கருகி வீணாகிவிடும். ஒரு மத்தியானம் தீப்பொறி பறந்துகொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொருகிவிட்டது. சட்டைக் கையைக் கல் இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி பாய்ந்து சுவிட்சை அணைத்ததால் கை தப்பியது, மணிக்கட்டுத் தோல் மட்டும் உரிந்தது.

மேஸ்திரிக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. கிடைத்த சந்தர்ப்பத்தை அந்த ஆள் விடவில்லை. "என்னய்யா, வயசாயிருச்சா? வீட்டுல தூங்க முடியலைன்னா இங்க வந்து தூங்குவியா? போ, தூங்கி முழிச்சுட்டு வா. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

வாழ்க்கையில் முதன்முறையாக ரம்பத்துக்குத் திருப்பிச் சொல்ல வார்த்தை வரவில்லை. அது அவரை மணிக்கட்டு எரிச்சலைவிட அதிகமாக எரித்தது.

டிரைவர் கதையும் அதேதான். விடிகாலை முதல் பஸ் அவருடையது. ஆள் நிற்கிற ஒரு நிறுத்தத்தைக் கவனிக்காமல் தாண்டிப்போய், பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கத்திய பிறகுதான் பிரேக் போட்டிருக்கிறார். டிப்போவில் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள். அடுத்த தடவை ஸ்டியரிங் கிடையாது, பஸ் கழுவுகிற வேலைதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரே யோசனை வந்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், நாய் டாக்டரம்மாவிடம் போனார்கள். காலையில் ரம்பம் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போனார். அதே நாள் சாயங்காலம் டிரைவர் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு இருந்த கூட்டத்தில் அதே நாய்தான் என்பதைக் கவனிக்காத டாக்டரம்மா, காலையில் ரம்பத்திடம் சொன்னதையே டிரைவரிடமும் சொன்னார். இடுப்பு மூட்டில் கொஞ்சம் வலி இருக்கிறது, வெறும் தரையில் படுக்க விடாதீர்கள், கனமான மெத்தை போடுங்கள், மாத்திரை கொடுங்கள். சாயங்காலம் நன்றாக நடக்க வையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே வைத்துவிட்டு, படுக்கும் முன் ஒரு தடவை வெளியே விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் விளக்கை அணையுங்கள். முனகினால் திட்டாதீர்கள்.

நல்ல யோசனைகள்தான். ஆனால் பேசிக்கொள்ளாத வீட்டில் நல்லது கூட இரட்டிப்பாகத்தான் நடக்கும். ஆறு மணிக்கு ரம்பம் அதை ஆற்றங்கரை வரை நடத்திக்கொண்டு போய் வந்தார். வந்ததும் டிரைவர், அந்த ஆள் எங்கே நடத்தியிருக்கப்போகிறார் என்று திரும்பவும் கூட்டிக்கொண்டு போனார். சாப்பாடும் மாத்திரையும் அப்படியே, முன்னறையில் ஒரு தட்டு, பின்னறையில் ஒரு தட்டு. வாங்கிய மெத்தையும் இரண்டு. பகையில் பலனடைந்தது நாயின் வயிறுதான், அதுவும் மூன்று நாளைக்கு மேல் தாங்கவில்லை. நாலாம் நாள் கூடம் முழுக்க அசிங்கம் பண்ணி வைத்தது. அதை யார் கழுவுவது என்று வக்கீலை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வழக்கு நடந்தது.

மறுபடி டாக்டரம்மாவிடம் போக வேண்டியதாயிற்று. இந்தத் தடவை இருவரும் அவர் வாசலிலேயே மோதிக்கொண்டார்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தார், மற்றவர் மாத்திரைச் சீட்டைப் பிடித்திருந்தார். டாக்டரம்மா இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"வீடு என்னோடது" என்றார் ரம்பம்.

"வாடகை பாதி என்னோடது" என்றார் டிரைவர்.

"ரெண்டு பேரும் தனித்தனியா வந்து ஒரே நாய்க்கு மருந்து வாங்கிட்டுப் போயிருக்கீங்க. பேசிக்கவே மாட்டீங்களா? கொஞ்சம் விட்டிருந்தா நீங்களே சாகடிச்சிருப்பீங்க." அந்த அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "சரி, சொல்லுங்க. இது எப்பலேருந்து தூங்கலை?"

"பொண்ணு ஊருக்குப் போனதுலேருந்து" என்றார் ரம்பம்.

"அதுக்கு முன்னாடி வீட்டை விட்டு யாராவது போனாங்களா?"

ரம்பம் குனிந்து கயிற்றைக் கையில் சுற்ற ஆரம்பித்தார். டிரைவர், "மாமியார் தவறிட்டாங்க" என்றார்.

"அப்ப, வாசலைத் தாண்டிப் போன ஒருத்தர் திரும்பி வரலை. இப்ப இன்னொருத்தரும் போயிட்டாங்க. மிச்சம் நீங்க ரெண்டு பேர். நீங்களும் ஆளுக்கொரு மூலையில கதவைச் சாத்திக்கிட்டா அது என்ன பண்ணும்? இருக்கீங்களா இல்லையான்னு போய்ப் போய்ப் பாக்குது, அவ்வளவுதான். நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கே உறுதியாத் தெரியாது. ஆனா மாத்திரை எழுதிக் கொடுக்கறதுக்கு இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வீடு திரும்பும்போது இருவரும் தெருவின் இரண்டு ஓரத்திலும் நடந்தார்கள். கயிற்றை ரம்பம் பிடித்திருந்ததால் வக்கீல் அவர் பக்கம் நடந்தது, ஆனால் கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே நடந்தது.

டாக்டரம்மா சொன்னதை இருவருமே நம்பவில்லை. நம்பினால் அடுத்து என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது தெரிந்ததால் நம்பவில்லை. கதவுகளை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தார்கள். நாய் இப்போது அறைக்குள்ளேயே வந்து முகத்தில் மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிற்று. பட்டாணி கொட்டுவது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. புழுக்கம் தாங்கவில்லை. கூடத்தில் மட்டும்தான் இரண்டு பக்க ஜன்னலிலும் காற்று வரும். முதலில் ரம்பம் வந்து ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் டிரைவரும் சட்டையில்லாமல் வந்து, அவரைப் பார்த்ததும் திரும்பப் போக நினைத்து, வியர்வை வழிய வேறு வழியில்லாமல் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் எழுந்து வந்தது. இருவருக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்தது. பிறகு அப்படியே சரிந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் செத்துத்தான் போய்விட்டதோ என்று இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள். அது குறட்டை விட்டது. நாலு காலையும் நீட்டி, வாயோரம் எச்சில் வழிய, அடித்துப் போட்ட மாதிரி தூங்கியது. மின்சாரம் வந்தது, காற்றாடி சுழன்றது, கீழே தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. வக்கீல் எதற்கும் காதைக்கூட அசைக்கவில்லை.

அன்றைக்கு அவர்கள் இருவரும் நாற்காலியை விட்டும் தரையை விட்டும் எழுந்திருக்கப் பயந்து, கால் மரத்துப்போக, பொழுது சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் ரம்பம் தன் பாயைக் கொண்டுவந்து கூடத்தில் தொப்பென்று போட்டார். "வக்கீல், நான் என் மரவாடி வேலைக்காகப் படுக்கறேன். யாரோடயும் சமாதானமாகிப் படுக்கலை. அதைச் சொல்லிடு."

டிரைவரும் பாயையும் தலையணையையும் கொண்டுவந்து எறிந்தார். "எனக்கும் யார் பக்கத்துலயும் படுக்கணும்னு ஆசை இல்ல. ஸ்டியரிங் போயிரும்னுதான் படுக்கறேன். அதையும் சொல்லிடு."

வக்கீல் எதையும் சொல்லவில்லை. நடுவில் போட்ட மெத்தையில் ஏறி மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

நாய்தான் தூங்கியது. மற்ற இரண்டு பேருக்கும் அந்தக் கூடம் போர்க்களமாயிற்று. காற்றாடியை ஒருவர் கூட்டினால் மற்றவர் குறைத்தார். ரம்பம் விடுகிற குறட்டைக்கு டிரைவர் செருப்பைத் தூக்கி எறிந்தார், அது குறி தவறி நாய்மேல் விழப் பார்த்தது. டிரைவர் விடிகாலையில் எழுந்து கிளம்பும்போது வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுகிறார் என்று ரம்பம் சாதித்தார். ஆனாலும் உடம்பு தேறியது. மேஸ்திரி அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். போன முதல் நாளே மேஸ்திரியோடு சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் ரம்பம்.

இப்படிக் கொஞ்ச நாள் போன பிறகு ஓர் இரவு, விளக்கை அணைத்து வெகு நேரத்துக்குப் பின், ரம்பம் நாயைக் கூப்பிடாமல் நேராகக் கூப்பிட்டார்.

"ஏய் டிரைவர்."

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. "என்ன?"

"கடைசியா அவ என்ன சொன்னா?"

டிரைவர் புரண்டு படுத்தார்.

"கேட்டது காதுல விழலையா? சொல்றதா இருந்தா சொல்லு. இல்லைன்னா பொத்திக்கிட்டுப் படு."

"உங்களைத்தான் திட்டினாங்க" என்றார் டிரைவர்.

"என்னன்னு?"

"வறட்டுப் பிடிவாதம் பிடிச்ச மனுஷன், படியேறி வந்தா கிரீடம் கீழ விழுந்துரும்னு உக்காந்திருப்பார்னு. மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டார்னு. அவங்க வாயில மூச்சு நிக்கலை, அதுலயும் உங்களைத் திட்டினாங்க." தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "கதவு தெறக்கற சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பாங்க. நர்ஸ் வந்தாலும் பாப்பாங்க. பக்கத்துப் படுக்கைக்கு ஆள் வந்தாலும் பாப்பாங்க. போதுமா? இல்ல இன்னும் வேணுமா?"

"நீ அவளை அங்க கொண்டுபோகலைன்னா அவ எதுக்குடா கதவைப் பாக்கப்போறா?" ரம்பத்தின் குரல் ஏறியது.

"கொண்டுபோகலைன்னா அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். டாக்டர் எங்கிட்டச் சொன்னார். மூணு நாள் கூட வெச்சிருந்தேன், நீங்க வருவீங்கன்னு. வந்தீங்களா?"

"டேய்!" என்று ரம்பம் எழுந்து உட்கார்ந்தார். டிரைவரும் எழுந்துவிட்டார். இருட்டில் இருவர் மூச்சும் புஸ்புஸ்ஸென்று கேட்டது. நடுவில் வக்கீல் தலையைத் தூக்கி மெதுவாக ஒரு முனகல் முனகியது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "ஒண்ணும் இல்ல, படு, படு" என்றார்கள். பிறகு படுத்தார்கள். ரம்பம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். அவர் அழுதாரா என்பது டிரைவருக்குத் தெரியாது. குறட்டைச் சத்தம் வரவில்லை, அது மட்டும் தெரியும்.

அடுத்த வார விடுமுறையன்று காலையில் ரம்பம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "எந்த வார்டு? வந்து காட்டு."

டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டார். இருவரும் பஸ்ஸில் ஏறினார்கள், முன்னும் பின்னுமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிப் படியில் கால் வைக்கும்போது ரம்பம் ஒரு கணம் நின்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டாவது மாடியில் நீளமான வார்டின் கோடியில் ஒரு ஜன்னலோரப் படுக்கையை டிரைவர் கையால் காட்டினார். அதில் வேறு ஒரு பெண்மணி காலில் கட்டோடு சாய்ந்திருந்தார்.

ரம்பம் படுக்கைப் பக்கம் போகவில்லை. வார்டின் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றார். அசையாமல் நின்றுகொண்டே இருந்தார்.

கால்கட்டுப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா வேடிக்கை? இங்க என்ன படமா ஓட்டறாங்க? யாரு வேணும் உனக்கு?"

வழக்கமான ரம்பமாக இருந்தால் அந்த அம்மாவை அங்கேயே அறுத்துத் தூளாக்கியிருப்பார். "யாரும் இல்லம்மா. தப்பான நேரத்துல வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

படியிறங்கும்போது டிரைவர் கையை நீட்டினார். ரம்பம் அதைத் தட்டிவிட்டார். "எனக்கு எறங்கத் தெரியும்."

வீட்டுக்கு வந்தால் டைலரம்மா படியிலேயே காத்திருந்தார். நாயை விட்டுவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போனது இதுதான் முதல் தடவை என்பதால், அவர்கள் கிளம்பியதிலிருந்து வக்கீல் விடாமல் ஊளையிட்டிருக்கிறது. "நான் போன் போட்டாச்சு. நாய் வண்டி நாளைக்கு வருது" என்றார் டைலரம்மா.

"எங்க வீட்டு வாசல்ல வண்டி வந்து நிக்கட்டும், அப்புறம் இருக்கு" என்றார் ரம்பம்.

"தெருவுல குறுக்க நிக்கறது என் பஸ்ஸா இருக்கும். எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்றார் டிரைவர்.

"உங்க தையல்ல பொத்தான் ஒரு வாரம் நிக்கறதில்ல, நாயைச் சொல்ல வந்துட்டீங்க!"

"மாமா சொல்றது நெசம். என் யூனிஃபார்ம் பேன்ட் பஸ்ஸுக்குள்ளயே கிழிஞ்சுது!"

இரண்டு வாய் ஒரே பக்கம் சேர்ந்து தாக்கினால் டைலரம்மாவாலும் என்ன செய்ய முடியும்? கையை உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் போனே போடவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. டிரைவர் தன்னை மாமா என்று சொன்னதை ரம்பம் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டிரைவரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை, வெகு நாளைக்கு.

பயிற்சி முடிந்து மகள் வந்தபோது, மாடிப்படியிலேயே சத்தம் கேட்டது. உள்ளே இரண்டு ஆண் குரல்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்தன. காற்றாடியை எந்த எண்ணில் வைப்பது என்பதுதான் வழக்கு. இருவரும் நேருக்கு நேர் நின்று கத்துவதை அவள் பல வருஷங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். வக்கீல் மட்டும் ஓடிவந்து அவள்மேல் ஏறியது.

அவள் வந்துவிட்டதால் அது பழையபடி அவள் காலடிக்குப் போயிற்று, நிம்மதியாகவே தூங்கியது. கூடத்தில் படுக்க இனி யாருக்கும் அவசியம் இல்லை. ரம்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனார். இப்போதும் இருவருக்கும் ஆகாது. மாமியார் விஷயத்தில் யார் செய்தது சரி என்பதில் இருவரும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கப்போவதும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அது வெடிக்கும். மகள் முதலில் காதைப் பொத்திக்கொண்டாள், பிறகு அதற்கும் பழகிவிட்டாள்.

"டிரைவர், குளியலறை விளக்கை அணைக்க உனக்குக் கை இல்லையா?" என்று பின்னறையிலிருந்து வரும்.

"இருக்கு. நீங்க முதல்ல குறட்டையை அணைங்க" என்று முன்னறையிலிருந்து போகும்.

"நான் இன்னும் தூங்கவே இல்லடா!"

"அப்ப தூங்குங்க. காலையில மரவாடிக்கு அஞ்சு விரலும் வேணும்."